அத்தியாயம் 6: பக்கத்து அணியோடு ஓர் ஆட்டம்

எறிவது, பிடிப்பது, வெட்டி ஓடுவது எல்லாம் முந்தைய அத்தியாயங்களோடு முடிந்தது. உங்களிடம் இப்போது ஓர் அணி இருக்கிறது. வாராவாரம் உங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தால் யார் எங்கே எறிவார் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். இனி ஓர் எதிரணி வேண்டும்.

அல்டிமேட் ஃபிரிஸ்பியில் முதல் எதிரணி அநேகமாகத் தெரிந்த முகங்களாகவே இருக்கும். போன வருடம்வரை உங்களோடு ஆடிவிட்டு வேலை மாறியதால் அந்தப் பக்கம் போனவர், உங்கள் தங்கையின் கல்லூரித் தோழி, அதே கடற்கரையில் நூறடி தள்ளிப் பயிற்சி செய்பவர்கள். இந்த ஆட்டம் தொடங்கியதே அப்படித்தான். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். பள்ளிகளுக்கு இடையிலான முதல் ஆட்டத்தை 1970-இல் ஆடியபோது எதிரே நின்றது பக்கத்து ஊரான மில்பர்னின் பள்ளி. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் ஆட்டமும் கூடப் போயிற்று. 1972 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. அவையும் அதே மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள்தாம். ரட்கர்ஸ் 29-27 என்று வென்றது. கடைசிவரை இழுபறியாகப் போகிற ஆட்டத்துக்கு ஏங்குபவர்கள் அந்த எண்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

தெரியாத அணியோடு ஆடுவதைவிடத் தெரிந்த அணியோடு ஆடுவது கடினம். இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. உலக ஃப்ளையிங் டிஸ்க் சம்மேளனம் நடத்தும் உலகப் போட்டிகளில்கூட ஃபௌலை அழைப்பதும் ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் ஆட்டக்காரர்களே. முன்பின் அறியாதவர்களோடு ஆடும்போது எல்லோரும் விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இருப்பார்கள். நண்பர்களோடு ஆடும்போது இரண்டு வியாதிகள் வரும். ஒன்று, ஏழு முறை கையில் அடி வாங்கியும் "பரவால்ல மச்சி" என்று விட்டுவிட்டு, 10-10-இல் எட்டாவது அடி விழும்போது ஏழுக்கும் சேர்த்துக் கத்துவது. இன்னொன்று, போன மாத ஆட்டத்தின் பாக்கியை இந்த ஆட்டத்தில் வசூலிக்க வருவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். சண்டை வரக்கூடிய ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பேசி வைப்பது. ஏற்பாட்டாளரின் வேலையில் முக்கால் பங்கு அதுவே.

ஒரு வாரம் முன்னால்

இரண்டு கேப்டன்களும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். டீக்கடை போதும். வாட்ஸப் குழுவில் இந்தப் பேச்சை வைக்காதீர்கள்; நாற்பது பேர் கருத்துச் சொல்வார்கள், ஒன்றும் முடிவாகாது. முடிவு செய்த பிறகு ஒரே ஒரு செய்தியாக இரண்டு குழுக்களிலும் போடுங்கள்.

புல்தரையா மணலா என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் மாறும். புல்லில் ஏழு பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம், அதில் இரு முனையிலும் 18 மீட்டர் எண்ட் ஜோன். மணலில் ஐந்து பேர். 75 மீட்டருக்கு 25 மீட்டர், எண்ட் ஜோன் 15 மீட்டர். அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் குடி முழுகிவிடாது, இரண்டு எண்ட் ஜோன்களும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சர்வதேச ஆட்டம் 15 புள்ளி வரை போகும். உள்ளூர் ஆட்டத்துக்கு 11 தாராளம், கூடவே 60 நிமிடக் கெடு. கெடு முடிந்ததும் என்ன செய்வது என்பதைப் பேசாமல் விட்டால் அங்கேதான் முதல் சச்சரவு. எளிய வழி இது: நேரம் முடியும்போது நடந்துகொண்டிருக்கும் புள்ளியை ஆடி முடியுங்கள். பிறகு முன்னணியில் இருக்கும் அணியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள். 8-7 என்றால் ஒன்பதை முதலில் தொடுபவர்கள் வென்றார்கள். கைக்கடிகாரம் யாருடையது என்பதையும் சொல்லி வையுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இரண்டு கைப்பேசிகளில் இரண்டு அலாரம் வைத்தவர்களுக்கு அது விளங்கும்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் ஆட்டமென்றால் விகிதத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஏழு பேரில் நாலுக்கு மூன்று, ஐந்து பேரில் மூன்றுக்கு இரண்டு. யார் நாலு, யார் மூன்று என்பதை முதல் புள்ளிக்கு டாஸில் தீர்மானித்து, அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு மாற்றி, அதற்கடுத்த இரண்டுக்குத் திருப்பி மாற்றி என்று இரண்டிரண்டாகக் கொண்டுபோவதே சர்வதேச வழக்கம். இதில் எந்த அணியும் தனக்குச் சாதகமான விகிதத்தைக் கடைசி நேரத்தில் பிடித்துத் தொங்க முடியாது. ஒரு பக்கம் பெண்கள் குறைவாக வந்தால் எதிரணியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று முன்பே பேசுங்கள். களத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட டிஸ்க் வரவில்லையென்றால், அது எந்த விகிதத்தாலும் சரியாகாத குறை. கேப்டன் பயிற்சியிலேயே கவனித்திருக்க வேண்டியது.

டிஸ்க் 175 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். கடற்கரையில் பொம்மைக்காரர் விற்கும் லேசான தட்டு காற்றில் காகிதம் மாதிரி அலையும்; அதை வைத்து ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். மூன்று டிஸ்க், எட்டுக் கோன், ஒரு தண்ணீர் கேன், முதலுதவிப் பை. வேறு செலவு இல்லாத விளையாட்டு இது.

இடமும் காற்றும்

சென்னையில் ஆடுபவர்களுக்காக எலியட்ஸ் கடற்கரையை வைத்தே சொல்கிறேன். மற்ற கிழக்குக் கரை ஊர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

மைதானத்தின் நீளவாட்டம் கடலுக்கு இணையாக, அதாவது தெற்கு வடக்காக இருக்க வேண்டும். காலையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி வரும். கிழக்கு மேற்காகக் கோன் வைத்தால் ஒரு அணி பாதி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். தெற்கு வடக்காக வைத்தால் வெயில் இரண்டு அணிக்கும் பக்கவாட்டில் விழும்.

காற்று அப்படி நியாயம் பார்க்காது. விடிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று இருக்கும். வெயில் ஏறி மணல் சூடாகச் சூடாக அது அடங்கிப்போய், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எதிர்த்திசையில் வீச ஆரம்பிக்கும். சித்திரை வைகாசியில் சென்னைவாசிகள் காத்துக்கிடப்பது இதற்குத்தான். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வராமலே போகும். காலை ஆறரைக்கு ஆட்டத்தைத் தொடங்கினால் காற்றின் தொல்லை குறைவு. மாலை நாலரைக்குத் தொடங்கினால் கடற்காற்று மைதானத்தின் குறுக்கே அடிக்கும். தொடக்க அணிகளுக்கு நான் காலையையே சொல்வேன். மாலை ஆட்டம் அழகாக இருக்கும், ஆனால் புள்ளிக்குப் பத்து முறை டிஸ்க் கைமாறும்.

குறுக்குக் காற்றில் ஆடத்தான் வேண்டுமென்றால் ஒரு சூத்திரம். காற்று எந்தப் பக்கக் கோட்டை நோக்கி அடிக்கிறதோ, அந்தப் பக்கமாக எதிராளியை எறிய வையுங்கள். டிஸ்கை வைத்திருப்பவரை மறித்து நிற்பவர் எந்தப் பக்கத்தை அடைக்கிறாரோ, எறிதல் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். மாலையில் கடல் பக்கத்தை அடைத்து நின்றால் அவர் ரோட்டுப் பக்கம் எறிய வேண்டிவரும். காற்றும் அதே பக்கம் தள்ளுவதால் பாதி எறிதல் கோட்டைத் தாண்டி விழும். "ஃபோர்ஸ் ஃபோர்ஹேண்ட், ஃபோர்ஸ் பேக்ஹேண்ட்" என்று கத்துவதைவிட "ஃபோர்ஸ் ரோட்", "ஃபோர்ஸ் கடல்" என்று சொல்லுங்கள். இடக்கை ஆட்டக்காரர் வந்தாலும் குழப்பம் வராது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் ரோடு எங்கே என்று தெரியும்.

காலை ஆட்டத்தில் காற்று டிஸ்கைக் கடலுக்குள் கொண்டுபோவது உண்டு. அலையில் விழுந்த டிஸ்கின் பின்னால் யாரும் பாயக் கூடாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லுங்கள், முக்கியமாகச் சின்னவர்களிடம். அந்தக் கரையின் அடையாளமாக நிற்கும் வெள்ளை மண்டபமே, 1930-இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது. போன டிஸ்க் போகட்டும். அதற்காகத்தான் மூன்று.

வலை காயும் இடத்திலும் படகு ஏற்றி இறக்கும் வழியிலும் கோன் வைக்காதீர்கள். குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து, இரண்டு மாதத்தில் உங்கள் அணியின் நல்ல கட்டர்களாகவும் ஆகிவிடக்கூடும். பத்து இருபது பேர் சும்மா ஆடுவது வேறு, பந்தல், மைக், பேனர் என்று போவது வேறு. இரண்டாவதற்கு மாநகராட்சியிடமும் காவல் நிலையத்திலும் முன்அனுமதி கேளுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். அப்போது விளக்குப் போட்டு இரவு ஆட்டம் வேண்டாம்.

ஆட்ட நாளன்று அரைமணி முன்னால் இரண்டு அணியும் வரிசையாக நின்று மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, கண்ணாடிச் சில்லு, முள், மீன்தூண்டில் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் பொறுக்கிப் போடுங்கள். மணலில் வெறுங்காலோடுதான் ஆடப்போகிறீர்கள். இந்தப் பொறுக்கலில் இரண்டு அணிக்காரர்களையும் கலந்து நிறுத்தினால் அறிமுகமும் ஆகிவிடும்.

அண்ணாவுக்கு ஃபௌல் சொல்வது

அழைப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். உடம்பில் மோதல் ஏற்பட்டால் அடிபட்டவர் மட்டுமே "ஃபௌல்" என்று அழைக்கலாம். பக்கத்தில் நின்றவரோ, கோட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவரோ அழைக்க முடியாது. அழைத்ததும் ஆட்டம் நிற்கும். எதிராளி ஒத்துக்கொள்ளலாம், அல்லது "கன்டெஸ்ட்" என்று மறுக்கலாம். பிடிக்கப் போனவரை இடித்ததாக அவர் ஒத்துக்கொண்டால் டிஸ்க் பிடிக்க இருந்தவருக்கு. மறுத்தால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பி, அந்த எறிதல் நடக்காதது போல ஆட்டம் தொடரும். யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பளிக்க ஆளே தேவைப்படாத ஏற்பாடு இது.

காகிதத்தில் இது மிக எளிது. நம் ஊர்க் களத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அணியில் பதினாறு வயதுப் பையனும் முப்பத்தைந்து வயது மென்பொருள்காரரும் ஆடுகிறார்கள். அவருக்கு அந்தப் பையன் "அண்ணா" என்றுதான் சொல்வான். அண்ணா இடித்துவிட்டார் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வராது. அதிலும் எதிரணி அண்ணா அவனுக்கு எறியக் கற்றுக்கொடுத்தவராகவே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெரியவர்களுக்கும் இன்னொரு பக்கம் இதே கஷ்டம்: சின்னப் பையன் "ஃபௌல்" என்றதும் "என்னடா ஃபௌல்?" என்று கை தானாக இடுப்புக்குப் போகும்.

இதற்காக முறைசொல்லை விட வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குகிறேன் என்று சில பயிற்சியாளர்கள் கிளம்புகிறார்கள். அது செயற்கையாகவே நின்றுவிடும். மரியாதை ஒரு பக்கம், அழைப்பு ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகினாலே போதும். ஆட்டத்துக்கு முந்தின பயிற்சியில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வேண்டுமென்றே லேசாக இடிக்கச் சொல்லி, சின்னவர்களை அழைக்க வையுங்கள். பேச்சு இப்படி இருக்கட்டும்:

"அண்ணா, ஃபௌல். கையில பட்டுச்சு."

"டிஸ்கைத்தான் தட்டினேன்னு நெனச்சேனே. எங்க பட்டுச்சு?"

"மணிக்கட்டுல. டிஸ்க் வர்றதுக்கு முன்னாடியே."

"சரி, ஒத்துக்கிறேன்."

அல்லது, "இல்லப்பா, டிஸ்க்தான் முதல்ல பட்டுச்சு. கன்டெஸ்ட். திருப்பிக் குடு." இதுவும் நல்ல பதில்தான். மறுப்பது அவமரியாதை இல்லை என்பதைப் பையனும், அழைப்பது குற்றச்சாட்டு இல்லை என்பதை அண்ணாவும் பயிற்சியிலேயே பார்த்துவிடுகிறார்கள். அழைப்புச் சொல் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு தமிழில் நடக்கட்டும். இங்கிலீஷ் சரளமாக வருகிறவர் ஒவ்வொரு வாதத்திலும் ஜெயிக்கிற களத்தை நான் பார்த்திருக்கிறேன். அரை நிமிடத்துக்குள் ஒத்துப்போகவில்லையென்றால் பேச்சை நிறுத்தி, மறுப்பாகவே வைத்துக்கொண்டு டிஸ்கைத் திருப்பிவிடுங்கள்.

ஒவ்வோர் அணியிலும் கேப்டன் தவிர ஸ்பிரிட் கேப்டன் என்று ஒருவர் இருப்பது வழக்கம். நன்றாக ஆடுபவரை இதற்குப் போடாதீர்கள். சூடு ஏறாதவரைப் போடுங்கள். களத்தில் குரல் உயர்ந்தால் இரண்டு அணியின் ஸ்பிரிட் கேப்டன்களும் முதலில் தங்களுக்குள் பேசுவார்கள். அதிலும் அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் நடுவில் வட்டமாக நிற்கவைத்துப் பேசலாம். இதற்கு விதியிலேயே இடம் உண்டு.

அதிகம் தகராறு வருவது ஃபௌலில்கூட இல்லை, எண்ணுவதில். டிஸ்கை வைத்திருப்பவருக்கு 3 மீட்டருக்குள் நின்று மறிப்பவர் "ஸ்டாலிங் ஒன், டூ" என்று நொடிக்கு ஒன்றாகப் பத்துவரை எண்ண வேண்டும். பத்து என்ற சொல் தொடங்குவதற்குள் டிஸ்க் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆட்டம் சூடு பிடித்தால் ஆறிலிருந்து பத்துக்கு எல்லோரும் ரயிலேறிவிடுவார்கள். உங்கள் அணியில் வேகமாக எண்ணுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். எதிரணி சொல்வதற்கு முன்னால் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆட்டம்

டாஸுக்கு நாணயம் தேவையில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு டிஸ்கைச் சுண்டுவார்கள். மூன்றாமவர் "ஒரே மாதிரி" அல்லது "வேறே" என்று சொல்வார். வென்றவர் முதலில் பிடிப்பதையோ பக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம். காற்று பலமாக இருந்தால் பக்கத்தைக் கேளுங்கள்.

இரு அணியும் தத்தம் எண்ட் ஜோன் கோட்டில் நின்று, தயார் என்று அணிக்கொருவர் கை தூக்கிய பிறகே "புல்" எனப்படும் தொடக்க எறிதலை எறிய வேண்டும். புள்ளி எடுத்த அணி அதே முனையில் நிற்கும், மற்ற அணி நடந்து எதிர்முனைக்குப் போகும். நடக்கும் அந்த நேரத்தில்தான் ஆளை மாற்றுவது. புள்ளிக்கணக்கை மணலில் கோடு கிழித்து வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். ஒவ்வொரு புல்லுக்கும் முன்னால் எறிபவர் இரண்டு எண்ணையும் உரக்கச் சொல்லட்டும், எதிரணியும் திருப்பிச் சொல்லட்டும்.

எல்லோரையும் ஆட வையுங்கள். 9-9-க்குப் பிறகு நல்ல ஏழு பேரை மட்டும் இறக்குவதா என்பதில் கேப்டன்களுக்குள் கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு. என் கட்சி, பக்கத்து அணியோடு ஆடும் ஆட்டத்தில் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது. லீக் ஆட்டத்தில் செய்துகொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

இரண்டு அணியும் ஒருவர் விட்டு ஒருவராகத் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். தோற்றவர்கள் முதலில் பேசட்டும். குறிப்பிட்டு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: மூன்றாவது புள்ளியில் எங்கள் பையன் கோட்டுக்கு வெளியே பிடித்ததைத் தானே சொன்னான், அதுபோல. "சூப்பர் கேம், எல்லோரும் நல்லா ஆடினீங்க" என்று எட்டுப் பேர் சொன்னால் ஒன்பதாவது ஆள் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்து ஸ்பிரிட் மதிப்பெண். எதிரணிக்கு ஐந்து விஷயங்களில் நீங்கள் மதிப்பெண் தர வேண்டும்: விதிகளை அறிந்து பயன்படுத்தியது, ஃபௌலும் உடல் மோதலும், நியாய உணர்வு, நல்ல மனநிலையும் தன்னடக்கமும், பேச்சு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. இரண்டு என்றால் நன்றாக ஆடினார்கள் என்று பொருள். ஆகவே நல்ல ஆட்டத்தின் மொத்தம் பத்து. நட்பு அணிகள் இதை மொய் எழுதுவது போல எழுதுகிறார்கள்: போனமுறை அவர்கள் பதினெட்டு வைத்தார்கள், நாம் பத்தொன்பதாவது வைக்க வேண்டும். அப்படி எழுதிய தாளால் யாருக்கும் பயனில்லை. எல்லாவற்றிலும் இரண்டிலிருந்து தொடங்கி, கூட்டவோ குறைக்கவோ ஒரு சம்பவத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். அணி முழுவதும் உட்கார்ந்து எழுதட்டும், கேப்டன் தனியாக வேண்டாம். எங்கேயாவது ஒன்று என்று குறைத்தீர்களென்றால், அதை அவர்கள் தாளில் படிப்பதற்கு முன்னால் உங்கள் ஸ்பிரிட் கேப்டன் நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும்.

உடம்பில் தெம்பு மிச்சம் இருந்தால் எல்லோர் பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி, கலந்த அணிகளாக இன்னோர் ஆட்டம் ஐந்து புள்ளிக்கு ஆடுங்கள். ஒரு மணி நேரம் மறித்துக்கொண்டே நின்றவரிடமிருந்து ஒரு நல்ல எறிதல் வாங்கிப் பிடிக்கிற வாய்ப்பு வேறு விளையாட்டுகளில் அரிது.

செலவைத் தலைக்கு இவ்வளவு என்று அங்கேயே பிரித்துவிடுங்கள். மாணவர்களுக்குப் பாதி, அல்லது வேண்டாம். கோன்களை எண்ணுங்கள், டிஸ்கில் பெயர் பார்த்து எடுங்கள். பொறுக்கிய குப்பைச் சாக்கைத் தொட்டியில் சேர்ப்பது தோற்ற அணியின் வேலை என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள், நல்ல வழக்கம். அடுத்த ஆட்டத்தின் தேதியைக் கலைவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தேதி வைத்தால் மாற்றுத் தேதி ஒன்றையும் கூடவே வையுங்கள்.